கையொப்பம் சரிபார்ப்பு ஆகாது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணை குறித்து

‘இந்தியாவில் 121 மொழிகள் பேசப்படுகின்றன’ என்ற வாக்கியம் நம் மொழியியல் ஆய்வேடுகள் பலவற்றின் முதல் இயலில் இடம்பெறுகிறது. மேற்கோளுக்குக் கீழே ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2011’ என்ற அடிக்குறிப்பும் இருக்கும். நெறியாளர் கேள்வி எழுப்புவதில்லை. புறத்தேர்வாளரும் எழுப்புவதில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: அந்த 121 என்பது கண்டறியப்பட்ட எண் அன்று. ஒரு தரவு மாதிரி தந்த விளைவு. அந்த மாதிரியை, அது யாரைப் பற்றியதோ அவர்கள் முன் வைத்துச் சரிபார்க்கும் நடைமுறை நம் கணக்கெடுப்பில் இல்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நடைபெறவிருக்கும் நிலையில், மொழியியல் துறையினராகிய நாம் இதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நியாயமன்று.

தரவு மாதிரி என்பதைக் கணினித் துறைக்கு வெளியே இருப்போருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ தகவல்களைச் சேமிக்கும் முன், எவை எவை பொருள்கள், அவற்றின் பண்புகள் எவை, ஒரு பொருளுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு, எது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், எது பலவாக இருக்கலாம் என்று வகுத்துக்கொள்வார்கள். எந்த மென்பொருளில் சேமிப்பது என்ற கேள்விக்கு முந்திய இந்த வரைவைத் தருக்கத் தரவு மாதிரி, அதாவது லாஜிக்கல் டேட்டா மாடல், என்பார்கள். ‘ஒரு மாணவருக்கு ஒரு நெறியாளர் மட்டுமே’ என்பது இத்தகைய மாதிரியின் ஒரு விதி. இரு நெறியாளர்களின் கீழ் ஆய்வு செய்யும் மாணவர் இந்த விதிக்குள் அடங்கமாட்டார். பதிவேட்டில் அவருடைய இரண்டாம் நெறியாளர் இல்லாதவர் ஆகிவிடுவார். மாதிரி தவறினால் உண்மை மாறிவிடுவதில்லை. ஆனால் உண்மையைப் பதிவு செய்ய இடம் இல்லாமல் போகிறது.

ஆகவேதான், மாதிரியை வரைந்த பிறகு அத்துறையில் அன்றாடம் பணிபுரிவோரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நடைமுறையில் என்ன நிகழ்கிறது? கட்டங்களும் கோடுகளும் நிறைந்த படம் திரையில் காட்டப்படுகிறது. கோடுகளின் முனையில் காக்கைக் கால் போன்ற குறிகள். ‘இது சரிதானே?’ என்று கேட்கிறார்கள். கணக்குப் பிரிவு அலுவலரும் கிடங்கு மேலாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையசைக்கிறார்கள். ஒப்புதல் தாளில் கையொப்பம் வாங்கப்படுகிறது. ஆறு மாதம் கழித்துப் பிழை தெரிந்தால், ‘நீங்கள்தானே கையொப்பமிட்டீர்கள்’ என்று அந்தத் தாளை எடுத்து நீட்டலாம். இந்தக் கையொப்பம் மாதிரியை எந்தச் சோதனைக்கும் உட்படுத்தவில்லை. பழியை இடம் மாற்றியது, அவ்வளவே.

இந்த முறை ஏன் தோற்கும் என்பதை மொழியியல் மாணவர் எவரும் உடனே சொல்லிவிடுவார். களப்பணிக்குச் சென்று, ‘உங்கள் மொழியில் நான்காம் வேற்றுமை ஏற்ற பெயர் எழுவாய்போல் இயங்குமா?’ என்று தகவலாளரிடம் நாம் கேட்பதில்லை. கேட்டால், படித்தவர் என்ற மரியாதையில் ‘ஆமாங்க சார்’ என்பார். நாம் கேட்பது வேறு: ‘எனக்குப் பசிக்கிறது என்பீர்களா, நான் பசிக்கிறேன் என்பீர்களா?’ இரண்டாவதைக் கேட்டதும் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் தரவு. விதியைப் பற்றிய கருத்தை மக்களிடம் கேட்டுப் பயனில்லை. விதி அனுமதிக்கும் வாக்கியத்தையும் விதி தடுக்கும் வாக்கியத்தையும் அவர்கள் முன் வைக்க வேண்டும். தடுக்கப்பட்ட வாக்கியத்தை அவர்கள் இயல்பாகச் சொல்வார்கள் என்றால், பிழை விதியில் இருக்கிறது.

கணினி அறிவியலுக்கு இது புதிதும் அன்று. பீட்டர் சென் 1976இல் பொருள்–உறவு மாதிரியை முன்வைத்தார். 1983இல் அவரே, ஆங்கில வாக்கிய அமைப்புக்கும் அந்தப் படங்களுக்கும் உள்ள தொடர்பை ஒரு கட்டுரையில் விளக்கினார். பொதுப்பெயர் பொருளாகும், செயப்படுபொருள் குன்றாவினை உறவாகும், பெயரடை பண்பாகும் என்பது அதன் சாரம். நெதர்லாந்தைச் சேர்ந்த நைசன் 1970களிலிருந்து உருவாக்கிய முறையும், அதை விரித்து முறைப்படுத்திய டெரி ஹால்பினின் பணியும் இன்னும் ஒரு படி மேலே சென்றன. மாதிரியின் ஒவ்வொரு செய்தியையும் பயனாளர் பேசும் மொழியில் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டுத் தரவுகளை இட்டுக் காட்ட வேண்டும். விதியை மீறும் எடுத்துக்காட்டையும் இட்டு, ‘இப்படி நடக்குமா?’ என்று கேட்க வேண்டும். இது நம் களப்பணி முறையேதான். பெயர் மட்டும் வேறு.

பயனாளரின் மொழியில் சொல்வது வெறும் மரியாதை என்று எண்ணுவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் வரையப்படும் படங்களில் பெரும்பாலான கோடுகளின் மேல் ‘ஹேஸ்’ என்ற ஒரே வினை எழுதப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் கணக்கை ‘ஹேஸ்’, நோயாளி காய்ச்சலை ‘ஹேஸ்’, வீடு அறைகளை ‘ஹேஸ்’. தமிழில் அப்படி ஒரு வினை இல்லை. ‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’, ‘என்னிடம் ஒரு குடை இருக்கிறது’, ‘இந்த வீட்டில் மூன்று அறைகள் உள்ளன’ என்று வேற்றுமை மாறுகிறது. தங்கையை ‘என்னிடம்’ என்று சொல்ல முடியாது. குடை இன்று என்னிடம் இருக்கும், நாளை உங்களிடம் இருக்கும். அந்தக் கோட்டைத் தமிழ் வாக்கியமாக்க முயலும் கணத்திலேயே, இது நீங்கா உறவா, கைமாறும் உடைமையா, முழுமைக்கும் உறுப்புக்குமான தொடர்பா என்று வரைந்தவர் முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலப் படம் மறைத்த ஐயத்தை வேற்றுமை உருபு வெளியே இழுத்துவிடுகிறது.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. ‘ஒவ்வொருவருக்கும் ஒரு தாய்மொழி உண்டு’ என்ற தமிழ் வாக்கியத்தை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதிலுள்ள ‘ஒரு’ குறைந்தது ஒன்று என்பதையும் குறிக்கலாம், ஒன்றே ஒன்று என்பதையும் குறிக்கலாம். தரவு மாதிரியில் இவை இரண்டு வெவ்வேறு விதிகள். ‘ஒருவருக்கு இரண்டு தாய்மொழிகள் இருக்கவே முடியாது’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். தலையசைத்தவர்களில் பாதிப்பேர் இப்போது நின்று யோசிப்பார்கள்.

இந்தச் சோதனையைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைக்குச் செய்து பார்ப்போம். 2011இல் மக்கள் தம் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் மொத்தம் 19,569. மொழியியல் ஆய்வு, திருத்தம், சீரமைப்பு என்ற பெயரில் இவை 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தப்பட்டன. மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவை என்று ‘பிற’ என்பதில் தள்ளப்பட்டன. 1,369இல் 10,000 பேருக்கு மேல் பேசுவோர் உள்ள 270 பெயர்கள் மட்டுமே அட்டவணையில் தனியே காட்டப்பட்டன. அவையெல்லாம் 121 ‘மொழிகளின்’ கீழ் தொகுக்கப்பட்டன. 22 எட்டாம் அட்டவணை மொழிகள், 99 பிற மொழிகள். இதுதான் நாம் மேற்கோள் காட்டும் 121இன் பிறப்பு.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் உள்ள விதிகளைப் படமாக அன்றி வாக்கியங்களாக எழுதிப் பார்த்தால் ஐந்து கிடைக்கின்றன.

முதல் வாக்கியம்: ‘ஒருவருக்கு இரண்டு தாய்மொழிகள் இல்லை, அதற்கு மேல் அவருக்குத் தெரிந்த மொழிகள் இரண்டைத் தாண்டுவதில்லை.’ தாய்மொழி என்பதற்கு அலுவல்முறை வரையறை, குழந்தைப் பருவத்தில் தாய் அந்த நபருடன் பேசிய மொழி என்பது. தாய் குழந்தைப் பருவத்திலேயே இறந்திருந்தால் வீட்டில் முதன்மையாகப் பேசப்பட்ட மொழி. தாய் ஒரே மொழியில்தான் பேசுவாள் என்று இந்த வரையறை எடுத்துக்கொள்கிறது. தாய் துளுவும் கன்னடமும் கலந்து பேசி வளர்த்த மங்களூர்ப் பிள்ளையின் முன் இதை வைத்துப் பாருங்கள். அவர் கொங்கணியும் இந்தியும் ஆங்கிலமும் அறிந்தவராகவும் இருந்தால், அவருடைய மொழிகளில் எவை பதிவாகும், எவை விடுபடும் என்பதை அவருடைய வாழ்க்கை தீர்மானிப்பதில்லை. படிவத்தின் கட்டங்கள் தீர்மானிக்கின்றன.

இரண்டாம் வாக்கியம்: ‘பெயர் ஒன்றானால் மொழி ஒன்று.’ 2011 அட்டவணையில் இந்தியின் கீழ் ‘பஹாரி’ என்று ஓர் உட்பெயர். ஏறத்தாழ 32.5 லட்சம் பேர். பஹாரி என்றால் மலைப்பேச்சு என்பதே பொருள். இமயத்தின் அடிவாரம் நெடுகப் பல வேறு மொழிகளைப் பேசுவோர் தம் மொழியை அப்படித்தான் சொல்வார்கள். ‘எங்கள் பேச்சு’, ‘ஊர்ப்பேச்சு’ என்பதற்கு மேல் பெயர் வைக்காத சமூகங்கள் எத்தனையோ உண்டு. பெயரை அடையாளத் திறவாகப் பயன்படுத்தக் கூடாது என்பது தரவு வடிவமைப்பின் தொடக்கப் பாடம். ஒரே ஊரில் இரண்டு முருகேசன்கள் இருந்தால் என்ன செய்வோம் என்று முதலாண்டு மாணவருக்கே தெரியும்.

மூன்றாம் வாக்கியம்: ‘பெயர் வேறானால் தாய்மொழி வேறு.’ அதே இந்தித் தொகுப்பில் ‘பஞ்சாரி’, ‘லமாணி/லம்பாடி’, ‘சுகாலி’ என மூன்று தனி வரிகள். தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் பரவி வாழும் ஒரே சமூகத்துக்கு வட்டாரந்தோறும் வழங்கும் பெயர்கள் இவை. ஜார்க்கண்டில் ஒரே மொழிக்கு வழங்கும் ‘சாத்ரி’, ‘நாக்புரியா’ என்ற இரு பெயர்களும் அப்படியே இரு வரிகளாக நிற்கின்றன. சிதறிய வரிகளைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு, அட்டவணையைப் படிப்பவர் தலையில் விழுகிறது. 19,569ஐ 1,369 ஆக்கிய சீரமைப்பு இவ்விடங்களில் ஏன் நின்றது?

நான்காம் வாக்கியம்: ‘ஒவ்வொரு தாய்மொழியும் ஒரு மொழியின் கீழ் வரும், எதன் கீழ் என்பது மொழியியல் முடிவு.’ இங்கேதான் கதை கனக்கிறது. 2011இல் இந்தி பேசுவோர் 52.83 கோடி, மக்கள்தொகையில் 43.63 விழுக்காடு என்பது நாடெங்கும் மேடைகளில் முழங்கப்படும் எண். அதில் ‘இந்தி’ என்ற பெயரின் கீழ் நேரடியாக வருவோர் 32.22 கோடி. மீதி இருபது கோடிக்கு மேல், போஜ்புரி 5 கோடி, ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி, மகஹி 1.27 கோடி என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்களிலிருந்து வந்து சேர்ந்தவை. தெலங்கானாவின் லம்பாடித் தாயும் இந்தி பேசுபவராகவே அதில் எண்ணப்பட்டிருக்கிறார்.

இந்தத் தொகுப்பு மொழியியல் முடிவுதானா? மைதிலியைப் பாருங்கள். 1991 அட்டவணையில் அது இந்திக்குள் ஒரு பெயர். 2001 தொடக்கத்தில் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று விடைகளை எழுதி வந்தார்கள். 2003இல் 92ஆம் அரசமைப்புத் திருத்தம் மைதிலியை எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. அதன் பிறகு வெளியான 2001ஆம் ஆண்டின் மொழி அட்டவணையில் மைதிலி தனி மொழி, பேசுவோர் 1.2 கோடிக்கு மேல். விடை சொன்ன நாளில் திருத்தம் இல்லை. விடையும் மாறவில்லை, பேச்சும் மாறவில்லை, இலக்கணமும் மாறவில்லை. நாடாளுமன்றம் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோட்டை வரைந்தது. அந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அரசியல் முடிவு ஒன்று மொழியியல் வகைப்பாட்டின் உடையில் வருவதை மறுக்கிறேன்.

43.63 விழுக்காட்டின் உள்ளடக்கத்தை அம்பலப்படுத்துவதில் தமிழறிஞர்கள் முன்நிற்கிறார்கள். நன்று. ஆனால் அதே அட்டவணையில் தமிழின் வரியை எத்தனை பேர் விரித்துப் பார்த்தோம்? அதன் கீழ் இருளர் மொழி இருக்கிறது. கைக்காடி இருக்கிறது. எருகலா இருக்கிறது. இருளர் மொழியைத் தனித் தென்திராவிட மொழியாக எடுத்துக்கொண்டு கமில் சுவலபில் 1973இலேயே நூல் வெளியிட்டார். திராவிட மொழியியல் வகுப்பில் அதை நாம் பாடமாகப் படிக்கிறோம். தேர்வில் தனி மொழி என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். கணக்கெடுப்பில் அது தமிழுக்குள் போகும்போது நமக்குக் குறை எதுவும் தெரிவதில்லை, ஏனென்றால் கூட்டல் நம் பக்கம் நடக்கிறது. நீலகிரியின் படுகர் மொழி கன்னடத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளது. மதுரைச் சௌராஷ்டிரர்களின் மொழி குஜராத்தியின் கீழ். இவற்றுள் எது மொழியியல் ரீதியில் பொருந்தும், எது பொருந்தாது என்று நாம் வாதிடலாம். அந்த வாதத்தில் படுகரும் சௌராஷ்டிரரும் இருளரும் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

ஐந்தாம் வாக்கியம்: ‘10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.’ 1971 முதல் இதுவே நடைமுறை. 1961இல் 1,652 தாய்மொழிப் பெயர்கள் வெளியிடப்பட்ட நாட்டில், இன்று தோடர் மொழியும் கோத்தர் மொழியும் மொழி அட்டவணையில் தம் பெயரோடு இல்லை. உலகத் திராவிடவியலில் எமனோவால் தனி இடம் பெற்ற மொழிகள் இவை. வேடிக்கை என்னவென்றால், மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வழியாக 2013இல் தொடங்கப்பட்ட அருகிவரும் மொழிகளின் பாதுகாப்புத் திட்டம், 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளையே தன் இலக்காகக் கொண்டது. அரசின் ஒரு கை பெயரை மறைக்கிறது. இன்னொரு கை அதே பெயரைத் தேடிக் காடு மலை ஏறுகிறது.

இவை வெறும் கலைச்சொல் சண்டைகள் அல்ல. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350அ பிரிவு. வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் என்ற அளவுகோல் 1949ஆம் ஆண்டின் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டிலிருந்து வருவது. புதிய கல்விக் கொள்கையும் வீட்டுமொழி, தாய்மொழி என்றே பேசுகிறது. இந்த உரிமைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எண்ணிக்கை தேவைப்படுகிறது. லம்பாடிக் குழந்தையின் தாய்மொழி இந்தி என்று மேலிடத் தொகுப்பு சொன்னால், அவளுக்கு இந்தியில் பாடநூல் கொடுத்துவிட்டு உரிமையை நிறைவேற்றியதாக அறிக்கை எழுதலாம். அவள் வகுப்பில் ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்திருப்பதற்கு அந்த அறிக்கையில் கட்டம் இல்லை.

என் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன்.

‘19,569 பெயர்களை அப்படியே வெளியிட முடியுமா? எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர், சாதிப்பெயர் எல்லாம் அதில் இருக்கும்’ என்பார்கள். முற்றிலும் உண்மை. வடிகட்டாத பதிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பே சான்று. 1931இல் 4,147 ஆக இருந்த சாதிப் பெயர்கள் அதில் 46 லட்சமாகப் பெருகின என்று ஒன்றிய அரசே 2021இல் உச்ச நீதிமன்றத்தில் கூறியது. ஆகவே சீரமைப்பு வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அன்று. சீரமைப்பின் முடிவை உரியவர்களிடம் திரும்பக் கொண்டுசென்று காட்ட வேண்டும் என்பதே. மூட்டையை அவிழ்க்காமல் கட்டி வைப்பதும், அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போவதும் ஒரே பொறுப்பின்மையின் இரு வடிவங்கள்.

‘மக்களிடம் கேட்டால் அரசியல் பதில்தான் வரும். பஞ்சாபில் பஞ்சாபி பேசிய பலர் 1950களிலும் 1960களிலும் இந்தி என்று எழுதவில்லையா?’ என்பது வலுவான மறுப்பு. என் வாதத்தை அது வலுப்படுத்தவே செய்கிறது. பெயரைக் கேட்டதால்தான் அடையாளம் விடையாக வந்தது. கிரியர்சன் தம் மொழி அளவாய்வில் பெயரோடு நின்றுவிடவில்லை. கெட்ட குமாரன் கதையைப் பேச்சுமொழியில் எழுதி வாங்கினார், உள்ளூர்க் கதை ஒன்றைக் கேட்டார், சொற்பட்டியலும் வாக்கியப் பட்டியலும் அனுப்பினார். 179 மொழிகள், 544 கிளைமொழிகள் என்ற அவருடைய எண்ணோடு நாம் மாறுபடலாம். காலனிய அதிகாரிகள் வழியாகத் திரட்டிய குறையும் அதற்கு உண்டு. ஆனால் வாக்கியத்தைக் கேட்க வேண்டும் என்பது நூறாண்டுக்கு முன்பே நம் மண்ணில் செய்து காட்டப்பட்ட முறை. அடையாளமும் ஓர் உண்மைதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ‘என்ன பெயர் சொல்கிறார்’, ‘என்ன மொழி பேசுகிறார்’ என்பவை இரண்டு செய்திகள். இரண்டையும் ஒரே கட்டத்தில் திணித்துவிட்டு, விடை குழம்புகிறது என்று மக்களைக் குறை சொல்வது வடிவமைப்பாளரின் சாமர்த்தியம்.

‘தாய்மொழி அளவாய்வில் 576 தாய்மொழிகளைக் களத்துக்கே சென்று காணொளியாகப் பதிவு செய்துவிட்டோம்’ என்று உள்துறை அமைச்சகம் தன் 2021–22 ஆண்டறிக்கையில் தெரிவித்தது. மதிக்கத்தக்க உழைப்பு. எனினும், பேச்சைப் பதிவு செய்வது வேறு. ‘உங்கள் மொழியை இதன் கீழ் வைத்திருக்கிறோம், இந்தக் காரணத்தால் வைத்திருக்கிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்பது வேறு. தகவலாளரிடமிருந்து எடுத்துக்கொண்டு வருவது தரவுத் திரட்டல். அவரிடம் திரும்பிச் செல்வதுதான் சரிபார்ப்பு.

‘121 கோடிப் பேரிடம் எப்படித் திரும்பிச் செல்வது?’ என்ற கேள்வி மாதிரியையும் தரவையும் குழப்புவதால் பிறப்பது. தரவு 121 கோடிப் பேருடையது. மாதிரியின் விதிகளோ ஒரு கைவிரலில் அடங்குபவை. ஒவ்வொரு சர்ச்சைக்குரிய தொகுப்புக்கும் சில ஊர்கள், அங்கே முதியவர்கள், இளையோர், பள்ளி ஆசிரியர்கள், கணக்கெடுப்புக்குப் போய்வந்தவர்கள் என்று சில டஜன் பேர் போதும். கணக்கெடுப்பாளராகச் செல்லும் ஆசிரியரைவிட இந்தப் படிவத்தின் ஓட்டைகளை அறிந்தவர் யார்? வாசலில் நின்று ‘எதை எழுதுவது?’ என்று திகைத்தவர் அவர்தானே.

2027இல் இந்தத் திகைப்புக்கும் இடமிராது போகலாம். இம்முறை கணக்கெடுப்பு கைபேசிச் செயலியில் நடக்கப்போகிறது, மக்களே தம் விவரத்தைப் பதியவும் வழியுண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். காகிதத்தில் எழுதியபோது, மேலே என்ன சீரமைப்பு நடந்தாலும், கீழே சொன்ன சொல் ஒருமுறையாவது எழுத்தில் ஏறியது. 19,569 என்ற எண்ணே அதற்குச் சாட்சி. செயலியில் முன்கூட்டியே கோத்த பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வருமானால், அலுவலகத்தில் பின்னால் நடந்த கழித்தல் இனி வாசலிலேயே நடந்து முடியும். பட்டியலில் இல்லாத பெயர் பிறக்கும் முன்பே இறந்துவிடும். பிறகு அதைத் தேடிச் செல்லும் ஆய்வாளருக்குத் தடயமும் மிஞ்சாது.

ஆகவே கோரிக்கைகளைத் திட்டவட்டமாக வைக்கிறேன். சொன்ன பெயர், பேசும் மொழி, தொகுப்பு மொழி ஆகிய மூன்றையும் தனித்தனிப் பொருள்களாகப் பதிவு செய்ய வேண்டும். தொகுப்பு என்ற உறவுக்கு யார், எந்த ஆண்டில், எந்த அடிப்படையில் முடிவு செய்தார் என்ற பண்புகள் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதற்கும் இடையூறு வராது, ஏனெனில் பழைய தொகுப்பும் புதிய தொகுப்பும் அருகருகே நிற்கும். எந்தப் பெயர் எதனுடன் சேர்க்கப்பட்டது என்ற இணைப்புப் பட்டியலை முழுமையாக வெளியிட வேண்டும். 10,000 என்ற வரம்பைப் பெயர்களுக்கு நீக்க வேண்டும். மிகச் சிறிய எண்ணிக்கையால் தனிமனிதர் அடையாளம் வெளிப்படும் என்று அஞ்சினால் மாவட்ட எண்ணை மறைக்கலாம், மொழியின் பெயரை மறைக்க வேண்டாம். செயலியின் பட்டியலில் இல்லாத பெயரைத் தட்டெழுதவும் ஒலியாகப் பதியவும் இடம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, மொழிக் கேள்வியின் விதிகளை வாக்கியங்களாக எழுதி, அந்தந்த மொழி பேசுவோர் முன் வைத்து, அவர்கள் மறுத்தவற்றையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

கடைசிக் கோரிக்கை அரசிடம் அன்று, நம்மிடம். நாட்டின் மொழியியல் துறைகளில் ஆண்டுதோறும் களப்பணித் தாள் இருக்கிறது. மாணவர்கள் சொற்பட்டியலோடு ஊர்களுக்குப் போகிறார்கள். இந்த ஆண்டு அந்தப் பட்டியலோடு கணக்கெடுப்பின் ஐந்து வாக்கியங்களையும் எடுத்துச் செல்லட்டும். இருளர் குடியிருப்பில், படுகர் ஹட்டியில், லம்பாடித் தாண்டாவில், ராஞ்சியின் புறநகரில் அவற்றைப் படித்துக் காட்டட்டும். எவர் எதை மறுத்தார், எந்தச் சொல்லால் மறுத்தார் என்று அவர்கள் மொழியிலேயே எழுதி வரட்டும். அதற்குத் திட்ட நிதியோ அனுமதிக் கடிதமோ வேண்டியதில்லை. அவை ஐம்பது துறைகளிலிருந்து ஒரே இடத்தில் சேர்ந்தால், 2027இன் அட்டவணையை எதிர்த்தோ ஆதரித்தோ வாதிட நம் கையில் சான்று இருக்கும்.

அதுவரை, 121 என்ற எண்ணை ஆய்வேட்டில் எழுதுவோர் அடுத்த வரியில் அது எந்த விதிகளால் பிறந்த எண் என்பதையும் எழுதுங்கள். நெறியாளர்கள் அந்த வரி இல்லாத இயலைத் திருப்பி அனுப்புங்கள்.